ராத்திரி டம்ளரில் என்ன இருக்க வேண்டும்?

‘மன அமைதிக்கு’, ‘நிம்மதியான உறக்கத்துக்கு’, ‘ஸ்ட்ரெஸ் ரிலீஃப்’ என்றெல்லாம் அச்சடித்த மூலிகைத் தேநீர்ப் பொட்டலங்கள் இப்போது பெருநகரத்து சூப்பர் மார்க்கெட்டோடு நிற்பதில்லை. நம்முடைய இயற்கை அங்காடிகளிலும் மாதச் சந்தைகளிலும் கருப்பட்டிக்கும் மரச்செக்கு எண்ணெய்க்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. ஐம்பது கிராம் இருநூறு ரூபாய், இருநூற்றைம்பது ரூபாய். துளசி நம்ம கொல்லையில் தானாக முளைக்கிறது. எலுமிச்சைப் புல் வரப்போரத்தில் நிற்கிறது. அப்படியிருக்க இந்தப் பொட்டலத்தை யார் வாங்குகிறார்கள், வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும், விற்கிற நாம் என்ன சொல்லி விற்க வேண்டும் என்பதை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

முப்பத்து நான்கு வருடம் வங்கியில் வேலை பார்த்துவிட்டு, திண்டுக்கல் பக்கம் மூன்றரை ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்கிறவன் நான். அதில் இருபது சென்ட் துளசியும் எலுமிச்சைப் புல்லும். காயவைத்து சந்தைக்கும் கொண்டுபோகிறேன். ஆக, மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தாகிவிட்டது.

வாங்குகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். சர்க்கரை, பிரஷர், ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு. அடுத்தது ஐ.டி. வேலைக்குப் போகும் பிள்ளைகள். மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு, அதை நான் எதிர்பார்க்கவில்லை: விவசாயிகளே. ‘சார், படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது, இதுல எது நல்லது?’ என்று கேட்டு வாங்குகிறார்கள்.

அவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, ‘ஒரு நாளைக்கு எத்தனை டீ?’ என்பதுதான். பால் கறக்க எழுந்திருக்கும்போது ஒன்று. விடிந்ததும் ஒன்று. பத்தரைக்கு ஆட்களோடு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, பஸ் நிறுத்தத்துக் கடையில் பேச்சோடு பேச்சாக ஒன்றோ இரண்டோ. ராத்திரி மும்முனை கரன்ட் வரும்வரை மோட்டாருக்காகக் காத்திருக்கும்போது இன்னொன்று. ஆறேழு ஆகிவிடும். அதுவும் நம் ஊர் டீக்கடை டஸ்ட் டீ, சும்மா இல்லை. கறுத்துப் போக இறக்கியது.

ஒரு கப் டீயில் ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிகிராம் காஃபின் இருக்கும். டிகாக்ஷன் கூடினால் அளவும் கூடும். குடித்த காஃபினில் பாதி உடம்பைவிட்டுப் போகவே பெரும்பாலோருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். வயதானவர்கள் சிலருக்கு அதற்கும் மேல். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி, பதினொரு மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் எட்டு மணி டீ வந்து சேர்ந்துகொள்கிறது. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், பழைய கடன் பாதி நிலுவையில் இருக்கும்போதே புதுக்கடன் ஏறுகிறது.

மூலிகைத் தேநீரைப் பற்றி என் கருத்து இதுதான். அதன் முதல் நன்மை அதில் இருக்கும் மூலிகை அல்ல, அதில் இல்லாத காஃபின். சாயங்காலத்துக்குப் பிறகு ஒரு டம்ளர் டீயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொரு சூடான, வாசனையான நீரை வைத்தாலே பலருக்குத் தூக்கம் திரும்புகிறது. இதைச் சொன்னால் யாரும் இருநூறு ரூபாய் கொடுக்கமாட்டார்கள், அதனால் பொட்டலத்தில் இதை எழுதுவதில்லை.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் எதை வாங்குவது என்ற கேள்வியில் பாதி முடிந்துவிடும். ‘துளசி கிரீன் டீ’, ‘எலுமிச்சைப் புல் கிரீன் டீ’ என்று விற்கிறார்களே, அவையெல்லாம் தேயிலைதான். கிரீன் டீ, பிளாக் டீ, வெள்ளை டீ எல்லாம் கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் இலை, பதப்படுத்தும் முறைதான் வேறு. எல்லாவற்றிலும் காஃபின் உண்டு. பச்சை நிறப் பெட்டியும் துளசிப் படமும் போட்டுவிட்டால் அது ராத்திரிக்கு உகந்ததாகிவிடாது. பெட்டியின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதல் பெயரே கிரீன் டீ என்றிருந்தால் அதைக் காலையில் குடித்துக்கொள்ளலாம்.

சுக்குமல்லி காபி நேர் எதிர். பெயரில்தான் காபி. சுக்கு, மல்லி, மிளகு, திப்பிலி, கருப்பட்டி அவ்வளவுதான். ஆனால் சில கடைகளில் ருசிக்காகக் காபித்தூளையும் கலந்துவிடுகிறார்கள், கேட்டுக் குடியுங்கள். பெயர் விஷயத்தில் எனக்கு ஒரு சின்ன ஆதங்கம் உண்டு. தேயிலை இல்லாததைத் தேநீர் என்று ஏன் சொல்ல வேண்டும்? சித்த மருத்துவத்தில் காய்ச்சி வற்றவைப்பது குடிநீர். வெந்நீரில் ஊறவைத்து எடுப்பது ஊறல். துளசி ஊறல், புல் ஊறல் என்று சொன்னால் பெயரும் சரி, செய்முறையும் அதிலேயே வந்துவிடும். யார் கேட்கிறார்கள்!

சரி, மூலிகைகளுக்கு வருவோம். பெரிய கடைகளில் முன்வரிசையில் நிற்பது கெமோமில். நம்மவர்கள் சீமைச் சாமந்தி என்பார்கள். எகிப்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிறது. வட இந்தியாவிலும் பயிராகிறது. அது பொய்ச் சரக்கு என்று நான் சொல்லமாட்டேன். 2009-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதற்றநோய் உள்ள 57 பேரிடம் சோதித்தபோது ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது கெமோமில் சாறு அடைத்த மாத்திரை; டம்ளரில் ஒரு பையை முக்கிக் கொடுக்கவில்லை. அந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று போடுவது நியாயமில்லை. சாமந்தி, பார்த்தீனியம் வகைச் செடிகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் கெமோமிலிலும் கவனமாக இருக்க வேண்டும். நம்மூரில் பார்த்தீனியத்தால் தும்மாதவர் யார்?

‘அதே சாமந்தி நம்ம ஊர்லயும் இருக்கே’ என்று பூ மார்க்கெட்டில் சாமந்தி வாங்கி உலர்த்தி விற்கும் யோசனை ஒரு நண்பருக்கு வந்தது. முதலில், அது வேறு செடி. இரண்டாவது, எங்கள் பக்கத்து நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு மூட்டை மூட்டையாக வரும் மல்லிகை, ரோஜா, சாமந்தி எப்படி விளைகின்றன என்று நமக்குத் தெரியும். மல்லிகையில் மொட்டுப்புழுவுக்கு அடிக்கிற மருந்துக் கணக்கைப் பூ விவசாயியிடமே கேளுங்கள். அந்தப் பூ தலைக்கும் சாமிக்கும் விளைந்தது, வாய்க்கு விளைந்தது இல்லை. ரோஜா இதழ் கலந்த தேநீர், மல்லிகை கலந்த தேநீர் எதை வாங்கினாலும், பூ எந்தத் தோட்டத்துப் பூ என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

எலுமிச்சைப் புல்லில் நானே விற்பனையாளன், ஆகவே அதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பிரேசில் நாட்டிலும் நம்மைப் போலவே இந்தப் புல்லை ஊறவைத்துக் குடிக்கிற பழக்கம் உண்டு. நரம்பை அமைதிப்படுத்தும், தூக்கம் வரும் என்பது அங்கே பரம்பரை நம்பிக்கை. அந்த நாட்டு ஆய்வாளர்களே அதைச் சோதித்து 1986-ல் வெளியிட்டார்கள். 50 பேருக்கு, எது புல், எது வெறும் சரக்கு என்று கொடுப்பவருக்கும் குடிப்பவருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்ததில், புல்லுக்கென்று தனியாகத் தூக்கம் வரவழைக்கும் சக்தி தென்படவில்லை. பதற்றம் குறைந்ததாகவும் தெரியவில்லை. கெடுதலும் தெரியவில்லை. இதைப் படித்த பிறகும் நான் தினமும் ராத்திரி அதைத்தான் குடிக்கிறேன். மணம் பிடிக்கும், வயிறு லேசாக இருக்கும், டீயின் நினைப்பு போய்விடும். அந்த அளவுக்கு அது போதும். ஆனால் என் பொட்டலத்தில் ‘தூக்கம் தரும்’ என்று போட என் கை வராது.

புல்லை நாற்றங்காலில் வாங்குகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். ‘கொசுவிரட்டிப் புல்’ என்று விற்கும் சிட்ரோனெல்லாவும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும். அதன் தூர் அடிப்பாகம் சிவந்திருக்கும். அதைக் குடிக்கக் கூடாது. எலுமிச்சைப் புல்லின் தூர் வெளிர் பச்சை. கசக்கினால் சுத்தமான எலுமிச்சை வாசம் வரும். மற்றதில் சோப்பு மாதிரி ஒரு வாடை.

துளசிக்குச் சிறிய ஆய்வுகள் சில உண்டு. மனச்சுமை ஓரளவு குறையலாம் என்ற அளவில் முடிவுகள் வந்திருக்கின்றன. அதற்கு மேல் அடித்துச் சொல்ல இன்னும் இடமில்லை. கிராம்பு மாதிரியான அதன் மணத்துக்குக் காரணம் யூஜெனால் என்ற எண்ணெய்ப் பொருள், அது ஆவியோடு பறந்துவிடும். மூடாமல் கொதிக்கவைத்தால் அடுப்படி மணக்கும், டம்ளரில் மிச்சமிருக்காது.

வல்லாரையில்தான் எனக்குப் பயம் அதிகம். மூளைக்கு நல்லது, மனதுக்கு நல்லது என்று பெயர் வாங்கிய கீரை. பொரியலாகவும் துவையலாகவும் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டிருக்கிறோம். ஆனால் அது ஈரத்தில் படரும் செடி. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதை இழுத்துக்கொள்ளும், கன உலோகங்கள் உட்பட. ஊர்ச் சாக்கடை வந்து கலக்கிற வாய்க்கால் ஓரத்தில் செழித்து நிற்பதைப் பறித்து உலர்த்திப் பொட்டலம் போட்டு ‘காட்டில் சேகரித்தது’ என்று எழுதிவிட்டால் வாங்குகிறவர் என்ன கண்டார்? இன்னொரு குழப்பமும் இருக்கிறது. வடக்கே ‘பிராமி’ என்ற ஒரே பெயரில் வல்லாரையையும் விற்கிறார்கள், நீர்ப்பிரமியையும் விற்கிறார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். பொட்டலத்தில் பிராமி என்று இருந்தால் எது என்று கேளுங்கள். வல்லாரையை மாதக்கணக்கில் அளவு தெரியாமல் எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதித்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. வாரம் ஒருநாள் துவையலுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. தினம் மூன்று வேளை வல்லாரைத் தேநீர் என்றால் சித்த மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

சங்குப்பூ பார்க்க அழகு. நீல நீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா ஆகும், பேரப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். காஃபின் இல்லை. வேலியில் படரவிட்டால் போதும். வெட்டிவேர் கடலூர் பக்கத்துக் கடற்கரை மணலில் நன்றாக விளைகிறது. பானைத் தண்ணீரில் போட்டால் கோடைக்குச் சுகம், அதற்குமேல் அதனிடம் கேட்காதீர்கள். ஆவாரம்பூவைச் சர்க்கரைக்காகக் குடிக்கிறவர்கள் உண்டு, அதை ‘அமைதித் தேநீர்’ ஆக்கியது பொட்டலம் போடுகிறவர்களின் கைவரிசை. ஜாதிக்காயைச் சிட்டிகை அளவு பாலில் போடுவது நம் பாட்டிகள் பழக்கம். சிட்டிகையோடு நிறுத்த வேண்டும். ஸ்பூன் கணக்கில் போனால் அது விஷம்.

அமுக்கரா கிழங்கு மருந்து. மருந்தைத் தேநீர் என்று விற்பதே தவறு என்பது என் எண்ணம். சடாமாஞ்சில் கலந்த தூக்கத் தேநீரும் சந்தையில் இருக்கிறது. அது இமயமலையில் வேரோடு பிடுங்கப்பட்டு அழியும் நிலைக்கு வந்துவிட்ட செடி. இயற்கை விவசாயம் பேசுகிற நாம் அதை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. ‘ராத்திரி டீடாக்ஸ்’ என்று ஒன்று வருகிறதே, அதில் பெரும்பாலும் நிலவாகை இருக்கும். நம்ம தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து உலகமெல்லாம் போகிற பேதி மருந்து அது. குடித்தவர் அதிகாலை நாலு மணிக்கு ஓடுவார், அமைதியாக அல்ல.

இப்போது விளைந்த நிலத்துக்கு வருகிறேன். நம் இதழில் இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கத்தரிக்காயைக் கழுவுகிறோம், தோல் சீவுகிறோம், வேகவைத்த தண்ணீரை வேண்டாமென்றால் கொட்டிவிடலாம். உலர்ந்த இலையை யாரும் கழுவுவதில்லை. நேராக வெந்நீரில் போட்டு, அதில் கரைந்து இறங்குவதைத்தான் குடிக்கிறோம். என் தோட்டத்தில் ஐந்து கிலோ பச்சைத் துளசி உலர்ந்தால் ஒரு கிலோ கிடைக்கிறது. இலையில் மருந்து இருந்தால் தண்ணீர்தான் ஆவியாகும், மருந்தில் பெரும்பகுதி அந்த ஒரு கிலோவில் தங்கும். மாலை கட்டப் போகும் துளசிக்கும் மருந்தடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே காய்கறியைவிட, அரிசியைவிட, மூலிகை இலையில்தான் இயற்கைச் சான்று எனக்குக் கண்டிப்பாகத் தேவை. பெட்டியில் என்.பி.ஓ.பி. சான்று, பி.ஜி.எஸ். முத்திரை, ஜைவிக் பாரத் முத்திரை ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பி.ஜி.எஸ்.-இல் ‘கிரீன்’ என்றிருந்தால் அந்த நிலம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், ‘ஆர்கானிக்’ என்றிருந்தால் முழுதாக மாறிவிட்டது. சான்று இல்லாத சிறு விவசாயியிடம் வாங்குவதானால் ஒருமுறை அவர் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். வரவேற்காதவரிடம் வாங்க வேண்டாம்.

உலர்த்தும் பக்குவமும் நிலம் மாதிரியே முக்கியம். நிழலில், காற்றோட்டத்தில், வலைத்தட்டில் பரப்பி ஐந்தாறு நாள். வெயிலில் போட்டால் ஒரே நாளில் முடியும், துளசி கறுத்து வைக்கோல் வாசம் அடிக்கும். அவசரமாக ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம். வாங்கும்போது ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் தேய்த்து முகருங்கள். இலை நொறுங்க வேண்டும், காம்பு ‘டக்’ என்று ஒடிய வேண்டும், மணம் மூக்கில் ஏற வேண்டும். நகைக்கடனுக்கு வந்த நகையை உரைகல்லில் உரசாமல் ஒருநாளும் நாங்கள் பெட்டிக்குள் வைத்ததில்லை. இதுவும் அப்படித்தான். பொடியாக விற்பதை நான் வாங்குவதில்லை, பொடியில் இலை எவ்வளவு, தண்டு எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியாது. பளபளக்கும் பிளாஸ்டிக் இழைப் பையில் அடைத்ததும் வேண்டாம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் அப்படிப்பட்ட ஒரு பையைச் சூடான நீரில் போட்டுப் பார்த்ததில் கோடிக்கணக்கான நுண்பிளாஸ்டிக் துணுக்குகள் இறங்கியதாகக் கண்டார்கள். வடிகட்டி நம் வீட்டில் இல்லையா என்ன?

விலைக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன், பழைய பழக்கம். ஒரு வியாபாரி என்னிடம் பச்சைத் துளசி கிலோ முப்பது ரூபாய்க்குக் கேட்டார். ஐந்து கிலோவுக்கு நூற்றைம்பது. அது உலர்ந்து ஒரு கிலோ ஆகி, ஐம்பது கிராம் இருநூறு ரூபாய் என்று இருபது பொட்டலமானால் நாலாயிரம். கூலி, பொட்டலம், போக்குவரத்து, கடைக்காரர் கமிஷன் எல்லாம் கழித்துக்கொள்ளுங்கள், அப்போதும் நிலத்தில் குனிந்து பறித்தவருக்கு எவ்வளவு வந்தது? தென்னாப்பிரிக்காவில் ராய்பாஸ் என்று ஒரு செடி, அதுவும் காஃபின் இல்லாத ‘சிவப்புத் தேநீர்’ என்று உலகமெங்கும் போகிறது. அந்தச் செடியின் பயனை ஆதியில் அறிந்திருந்த கோய், சான் பழங்குடிகளுக்குப் பண்ணை விலையில் 1.5 சதவீதம் கொடுக்க 2019-ல் அந்தத் தொழில்துறை ஒப்புக்கொண்டது. ஒன்றரை சதவீதம் பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் அறிவுக்கு உரியவர் யார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்களே! நம் பாட்டிகளின் சுக்குமல்லிக்கு யார் கையெழுத்துப் போடப்போகிறார்கள்? அதனால்தான் நாமே உலர்த்தி நாமே விற்க வேண்டும் என்கிறேன்.

நாமே விற்கும்போது பொய் சொல்லாமல் விற்க வேண்டும். கட்டுரையின் கசப்பான பகுதி இதுதான். சில மாதங்களுக்கு முன் ஓர் இயற்கைச் சந்தையில் பக்கத்துக் கடைக்கு ஓர் அம்மா வந்தார். ‘தம்பி, எங்க வீட்டுக்காரருக்கு ராத்திரி தூக்கமே இல்ல. டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு, ரெண்டு வருசமா சாப்பிடுறாரு. இதக் குடிச்சா மாத்திரைய நிறுத்திரலாமா?’ கடையில் இருந்த பையன் யோசிக்கவே இல்லை. ‘தாராளமா நிறுத்திரலாம்மா, இது இயற்கை, பக்கவிளைவே கிடையாது’ என்றான். நான் குறுக்கே போய், ‘அம்மா, மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டரக் கேட்டுத்தான் குறைக்கணும்’ என்று சொன்னேன். பையன் முறைத்தான். ‘என்ன சார், யாவாரத்தக் கெடுக்கிறீங்க’ என்றான்.

ரெண்டு வருடம் தூக்க மாத்திரை சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் இன்னும் கெடும், நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்புகூட வரும். அந்த மனிதருக்கு ஏதாவது ஆகியிருந்தால் பழி அந்தப் பையன் மேல் மட்டுமா விழும்? ‘இயற்கைக்காரங்க’ மேல் விழும். பூச்சிமருந்துக் கம்பெனிகள் இல்லாததை இருப்பதாகச் சொல்லி விற்கின்றன என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். அதே வேலையை அழகான கைத்தறிப் பையில் போட்டு நாம் செய்யலாமா? சட்டமும் நம் பக்கம் இல்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் குறிப்பிட்ட நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. உணவுப் பொருள் எதுவும் நோயைத் தீர்க்கும் என்று சொல்லக் கூடாது என்று 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் விதி போட்டிருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. நம்மிடம் இருக்கிற ஒரே மூலதனம் வாங்குகிறவர் நம்பிக்கை.

விவசாயியின் தூக்கமின்மைக்கு டீ மட்டும் காரணம் இல்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். கிராமக் கிளைகளில் மேனேஜராக இருந்தபோது காலை பத்து மணிக்குக் கிளை திறக்கும் முன்பே வாசலில் வந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கண் சிவந்திருக்கும். நகை ஏல நோட்டீஸ் கையில் இருக்கும். அப்படிப்பட்டவருக்கு எந்த இலையை ஊறவைத்துக் கொடுப்பது? அவருக்கு வேண்டியது கிளைக்குள் வந்து பேசுவதற்குத் தைரியம். பயிர் போய்விட்டால் தவணை தவறுவதற்கு முன்பே போய் எழுதிக் கொடுங்கள். இயற்கைச் சீற்றம் என்று அரசு அறிவித்த பகுதிகளில் பயிர்க்கடனை மாற்றியமைத்துத் தவணையை நீட்ட ரிசர்வ் வங்கி விதிகளில் இடம் இருக்கிறது. கேட்டவர்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறோம். வெட்கப்பட்டு வராதவர்களுக்கு எங்களால் செய்ய முடிந்ததில்லை. மூன்று நான்கு வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது டம்ளரில் தீருகிற விஷயமே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

மற்றவர்களுக்கு, அதாவது சாதாரணக் களைப்பும் சாதாரணக் கவலையும் உள்ள நம்மைப் போன்றவர்களுக்கு, நான் செய்துகொள்கிற முறையைச் சொல்கிறேன். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்துவிட வேண்டும். இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கிய எலுமிச்சைப் புல் நாலைந்து துண்டு, பச்சைத் துளசி ஏழெட்டு இலை. உலர்ந்தது என்றால் ஒரு டீஸ்பூன். போட்டு உடனே தட்டால் மூடி, ஏழு நிமிடம். மழைக்காலமென்றால் சுக்கு ஒரு துண்டு தட்டிப் போடலாம். பால் வேண்டாம். கருப்பட்டி போட்டால் அதுவும் இனிப்புக் கணக்கில்தான் சேரும், சர்க்கரை உள்ளவர்கள் ‘கருப்பட்டிதானே’ என்று ஏமாற வேண்டாம். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும், தூக்கத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர்களும் எந்த மூலிகையையும் தினப் பழக்கமாக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

நேரமும் முக்கியம். ராத்திரிச் சாப்பாடு முடிந்து அரை மணி கழித்து, படுக்க ஒன்றரை மணி நேரம் முன்பாகக் குடியுங்கள். அறுபதைத் தாண்டியவர்கள் படுக்கப்போகிற நேரத்தில் முழு டம்ளர் குடித்தால், தூக்கம் வந்து சேர்வதற்குள் வேறொன்று வந்து எழுப்பிவிடும். அனுபவசாலிகளுக்குப் புரியும். குடிக்கிற அந்தப் பத்து நிமிடம் கைபேசியை உள்ளே வைத்துவிட்டுத் திண்ணையில் உட்காருங்கள். பலன் இலையிலிருந்து வந்ததா, திண்ணையிலிருந்து வந்ததா என்று என் வீட்டம்மா கேலி செய்வார்கள். எதிலிருந்து வந்தால் என்ன, வந்தால் சரி.

நம் இயக்கத்தின் மாவட்டப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சந்தைகளில் விற்கும் மூலிகைப் பொட்டலங்களில் இலையின் தமிழ்ப் பெயர், எந்த ஊர்த் தோட்டம், பறித்த மாதம், நிழலில் உலர்த்தியதா, தேயிலை கலந்திருக்கிறதா இல்லையா, இவ்வளவும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று முடிவெடுங்கள். மன அமைதி, ஆழ்ந்த உறக்கம் என்ற வரிகளை எடுத்துவிடச் சொல்லுங்கள். அடுத்த மாவட்டக் கூட்டத்தில் நான் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரப் போகிறேன். எதிர்ப்பவர்கள் தாராளமாக வந்து எதிர்க்கலாம், பேசித் தீர்ப்போம்.

எலுமிச்சைப் புல் வைக்க விரும்புகிறவர்கள் அந்தக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு ஈரச் சாக்குத் துணி கொண்டுவாருங்கள். தூர் பிரித்துக் கொண்டுவந்து தருகிறேன், பணம் வேண்டாம். தண்ணீர் தேங்காத, வெயில் படுகிற இடமாகப் பார்த்து, குளியலறைத் தண்ணீர் வந்து சேராத பக்கமாக வையுங்கள். மேல் இலையைப் பாதியாக வெட்டிவிட்டு நட வேண்டும். மூன்று மாதத்தில் முதல் அறுவடை எடுக்கலாம். அதற்குப் பிறகு ஒரு வீட்டுக்கு ஒரு தூர் போதும், அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம்.